லீவு கிடைக்கலயாம்

அப்பாவுக்குப் பாடை கட்ட மூங்கில் வந்து இறங்கியபோது கவிநிலா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். தம்பி மணிவேலை அழைத்துவரப் போகிறாள் என்று தெரிந்ததும் பெரியப்பா வழிமறித்தார். சிகிச்சையில் இருப்பவனைப் பாதியில் வெளியே விட்டால் மறுபடி அதைத்தான் தேடிப் போவான், கொள்ளியைத் தன் மகன் வைக்கட்டும் என்றார். அவள் ஆட்டோவில் ஏறினாள்.

செங்கம் சாலை விடுதிகளுக்கு வருகிறவர்களைச் சென்னை விமான நிலையத்திலிருந்து காரில் அழைத்துவருவது மணிவேலின் வேலை. ராத்திரி தூங்காமல் ஓட்டுவதற்காக யாரோ கொடுத்த போதைப்பொடியில் ஆரம்பித்தது. வேலை போனது, கார் போனது. கடைசியில் ஒருநாள் அவனே அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"என்னால விட முடியலக்கா. எங்கனா கூட்டிட்டுப் போ."

அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் சொன்னபடி, கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தாள். படுக்கையில் கிடக்கும் அப்பாவிடம் சென்னையில் வேலை என்று சொல்லிவிடலாம் என்றதும் அவள்தான்.

நேற்றுக் காலை கஞ்சியை ஒதுக்கிவிட்டு அப்பா கேட்டார்.

"மணி வர்லயா?"

"லீவு கிடைக்கலயாம்ப்பா."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதன்பிறகு பேசவில்லை.

மையத்தில் மாலைவரை அனுமதி கொடுத்தார்கள். ஆட்டோ அடி அண்ணாமலையை நெருங்கும்போது மணிவேல் கேட்டான்.

"நான் அங்க இருக்கறது அப்பாவுக்குத் தெரியுமாக்கா?"

"இல்லடா."

"சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பாரு. அப்புறம், விட்டுட்டு வாடான்னு சொல்லியிருப்பாரு."

வாய்க்கரிசி போடும்போது அவன் கையிலிருந்து அரிசி கீழே சிந்தியது. பெரியப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட, கொள்ளிச்சட்டியோடு மணிவேல் முன்னால் நடக்க, ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது பெரியப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

குளித்து வந்தவனுக்கு மாற்றுச்சட்டை இல்லை. ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். நாளைக்குப் பால் தெளிக்கும்வரை இருந்துவிட்டுப் போகலாம், மையத்தில் தான் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள்.

"வேணாக்கா. இன்னிக்கு இங்க இருந்தன்னா வெளிய போயிடுவேன்."

மையத்து வாசலில் காவலாளி வழக்கப்படி அவனைச் சோதித்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் வந்தது. மணிவேல் அக்காவைப் பார்த்தான். அவளுக்கும் தெரியவில்லை. காவலாளி பிரித்தார். வெளுத்த பொடி. விரலில் தேய்த்து மோந்து பார்த்தார்.

திருநீறு.

அவர் அதைப் பழைய மடிப்பிலேயே மடித்து அவன் பையில் திரும்ப வைத்து, பட்டனையும் போட்டுவிட்டார்.