வகிடு எந்தப் பக்கம்

அந்த விளையாட்டின் புதிய நிலம் எந்தத் திசையில் வருகிறது என்று கண்டுபிடிக்க அவளுக்குப் பதினோரு மாதம் ஆயிற்று. அது தப்பு என்று கண்டுபிடிக்க அக்காவுக்கு அரை டம்ளர் டீ போதுமாக இருந்தது.

பகலில் அவளுக்கு வேலை தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில். கிணற்றுத் தண்ணீர், தொட்டித் தண்ணீர், ஆஸ்பத்திரித் தண்ணீர் என்று பாட்டில் பாட்டிலாக வரும். ப்யூரெட்டைத் திறந்து சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, சிவப்பு நீலமாகும் அந்த ஒரு சொட்டைப் பிடிக்க வேண்டும். மூன்று முறை செய்து சராசரி எழுத வேண்டும். அங்கே அவள் வாய் திறப்பதே "இங்க ஒரு கையெழுத்து" என்று கேட்கத்தான்.

பேச்செல்லாம் இணையத்தில், 'ஏழாம் கரை' என்ற கணினி விளையாட்டின் ரசிகர் மன்றத்தில். அங்கே அவள் பெயர் உப்பு. அங்கே அவளை வாயாடி என்பார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் இனிக்கும்.

விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் அடுத்த பாகத்துக்கு நாற்பது நொடி முன்னோட்டம் ஒன்றை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது. கடலில் ஒரு கப்பல். தூரத்தில் இரட்டைக்கொம்பு மலை. கப்பல் முனையில் படைத்தலைவி கத்தியை உருவுகிறாள். அவ்வளவுதான். புதிய நிலம் வானத்தில் என்றார்கள், கடலுக்கடியில் என்றார்கள். கொக்கு என்ற பெயரில் எழுதும் ஒருவன் வாரத்துக்கு ஒரு திசை சொன்னான்.

உப்பு அளந்தாள். இரட்டைக்கொம்பு வடக்குக் கரையில் இருப்பது விளையாடிய எல்லோருக்கும் தெரியும். கப்பல் போகிற பக்கம் பார்த்து நின்றால் மலை வலப்பக்கம் தெரிந்தது. அப்படியானால் கப்பல் மேற்கே போகிறது. அதோடு விட்டாளா? பதினேழு காட்சிகளை நிறுத்தி, மலையின் உயரம் குறைந்துகொண்டே போவதை ஒவ்வொன்றிலும் மூன்று முறை அளந்து, எத்தனை நாள் பயணம் என்பதுவரை எழுதினாள்.

"இது கணக்கு. நீ சொல்றது ஜோசியம்" என்று கொக்குக்கு ஒரு வரி வேறு.

"அவ்வளவு நிச்சயம்னா நாக்கு வை, பாக்கலாம்" என்றான் கொக்கு.

நாக்கு வைப்பது அந்த மன்றத்தின் வழக்கம். சொன்னது பலித்தால் முகப்பில் பெயர் வரும். பொய்த்தால், புதிய பாகம் வெளிவரும்வரை மன்றத்தில் ஒரு சொல் எழுத முடியாது. படிக்கலாம், அவ்வளவுதான். கணிப்பைச் சொன்னவர் பின்வாங்கினாலும் நாக்கு போகும். அவரை நம்பி வைத்தவர்கள் மட்டும், நிறுவனம் விடையை அறிவிக்கும் நாளன்று பகல் பன்னிரண்டுவரை மாற்றிக்கொள்ளலாம்.

உப்பு வைத்தாள். அவள் பின்னால் நாற்பத்து மூன்று பேர் வைத்தார்கள்.

அறிவிப்புக்கு முந்தின நாள் மாலை அக்கா வந்தாள். அக்காவுக்கு அழகு நிலையத்தில் முடி வெட்டும் வேலை. டீயை எடுத்துக்கொண்டு தங்கையின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இந்த நாப்பது நொடிக்காகவா ஒரு வருஷமா மண்டைய ஒடைச்சுக்கிற?"

"பேசாம டீயக் குடிக்கா."

"குடிக்கிறேன். இவதானே உன் செவுத்துல இருக்கிறவ?"

கட்டிலுக்கு மேலே படைத்தலைவியின் படம், நான்கு வருடமாக.

"ஆமா."

"வகிட மாத்திட்டாளே."

"என்னது?"

"செவுத்துல இடப்பக்க வகிடு. இதுல வலப்பக்கம். நாள் பூரா கண்ணாடியிலதான் தலையப் பாக்கிறேன், எனக்குத் தெரியாதா? இது கண்ணாடியில தெரியிற மூஞ்சிடி."

அவள் பார்த்தாள். வகிடு மட்டுமல்ல. நான்கு வருடமாக வலக்கையால் கத்தி உருவியவள் இதில் இடக்கையால் உருவினாள்.

நிறுவனத்தின் பக்கத்தில் இருந்த முன்னோட்டம் மங்கலாக இருந்தது. அளப்பதற்குத் தெளிவு வேண்டுமென்று யாரோ ஒரு ரசிகர் தெளிவாக்கி ஏற்றியிருந்த பிரதியை எடுத்திருந்தாள். நிறுவனம் கண்டுபிடித்து நீக்கிவிடாமல் இருக்க, சிலர் படத்தை இடவலமாகத் திருப்பி ஏற்றுவார்கள். தெரியாத விஷயமா? மன்றத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவளே இதைச் சொல்லி எச்சரித்திருக்கிறாள்.

மங்கலானதைத் திறந்தாள். மலை இடப்பக்கம். கப்பல் கிழக்கே போகிறது.

"அம்பத்தோரு தடவை அளந்தேன்க்கா."

"அளந்ததெல்லாம் சரியாத்தான் இருக்கும். ஆளையே திருப்பி உக்கார வச்சுட்டு இல்ல வெட்டியிருக்க?"

"சிரிக்காத."

"நான் எங்கடி சிரிச்சேன்?" என்றாள் அக்கா, டம்ளரால் வாயை மறைத்துக்கொண்டு.

எழுதாமல் இருந்தாலும் அவள் நாக்கு நாளைக்குப் போகத்தான் போகிறது. அந்த நாற்பத்து மூன்று பேரை அவள் முகம் பார்த்ததில்லை. ஆனாலும் பரிசோதனைக் கூடத்தில் பாட்டில் மாறிப்போனால் மாறிப்போனது என்று எழுதித்தான் பழக்கம். எழுதினாள்: "திருப்பிப் போட்ட பிரதியை அளந்துவிட்டேன். மேற்கு இல்லை, கிழக்கு. எல்லோரும் மாற்றிக்கொள்ளுங்கள்."

பதில்கள் மழையாக வந்தன.

"என்ன உப்பு, கடைசி நேரத்துல கரைஞ்சிட்டியா?"

"கொக்கு மிரட்டினானா?"

"இது ஏதோ தந்திரம். உப்போட கணக்கு தப்பாது. நான் மேற்குலயேதான் நிக்கிறேன்."

இந்தக் கடைசி வரிதான் அவளை அழவைக்கப் பார்த்தது. "தயவுசெஞ்சு மலையப் பாருங்க" என்று அவசரமாகத் தட்டினாள். அனுப்பும் பொத்தான் சாம்பல் நிறமாகியிருந்தது. மன்ற நிர்வாகி ஒரே வரியில் அறிவித்திருந்தார்: உப்பு பின்வாங்கினார், நாக்கு போனது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குள் மாற்றிக்கொண்டவர்கள் ஆறே பேர். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கொக்கு புதிதாக நாக்கு வைத்தான். கிழக்கு.

சாப்பாட்டு இடைவேளையில், பரிசோதனைக் கூடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து அவள் அறிவிப்பைப் பார்த்தாள். கிழக்குதான். புதிய நிலத்தில் கண்ணாடிக் காடுகளும் நடக்கிற கோட்டைகளும் இருந்தன. எதுவும் அவள் மனதில் ஒட்டவில்லை. கடைசியில் வெளியீட்டுத் தேதி வந்தது. இன்னும் பதினாலு மாதம்.

மன்றத்தின் முகப்பில் கொக்கின் பெயர் மின்னியது. கீழே ஒருவர், "உப்பை நம்பி முப்பத்தேழு நாக்கு அநியாயமா போச்சு" என்று எழுதியிருந்தார். நேற்றே சொன்னாளே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்கக்கூடிய ஆறு பேரும் கொக்குக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கொக்கு விளக்கம் வேறு எழுதியிருந்தான். மலை தெற்குக் கரையில் இருக்கிறதாம். கப்பலுக்கு வலப்பக்கம் தெரிகிறதாம். ஆகவே கிழக்காம்.

அவள் மூன்று முறை படித்தாள். மலை தெற்கில் இல்லை. வலப்பக்கம் தெரிவது திருப்பிப் போட்ட பிரதியில். இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டி, விடை மட்டும் சரியாக வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு நூற்றுப்பன்னிரண்டு பேர் கைதட்டியிருந்தார்கள். விரல் தானாகப் பொத்தானைத் தேடிப் போனது. சாம்பல் நிறம்.

மேஜைக்குத் திரும்பி ப்யூரெட்டைத் திறந்தாள். கண் எங்கேயோ இருந்தது. குடுவை நீலமாகி, அதற்கு மேலும் நாலு சொட்டு விழுந்துவிட்டது. கீழே கொட்டிக் கழுவினாள்.

"என்ன, உனக்கே தப்புதா இன்னைக்கு?" என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

"பதினாலு மாசம்" என்றாள் அவள்.

"பத்து மாசந்தானேடி கணக்கு?"

"அதில்லை. பதினாலு மாசத்துக்கு நான் பேச முடியாது."

பக்கத்து மேஜைக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ என்னைக்குப் பேசியிருக்க, இப்ப நிறுத்தறதுக்கு?"

அவள் குடுவையில் புதிதாகத் தண்ணீர் அளந்து ஊற்றி, முதல் சொட்டை விட்டாள்.