தூக்கும்போது கூப்பிடுகிற பெயர்

நானும் என் மைத்துனனும் கருங்கல் பலகை ஏற்றுகிறவர்கள். லிஃப்ட் இல்லாத கட்டடமென்றால் எங்களைக் கூப்பிடுவார்கள். ஒரு முனை எனக்கு, மறுமுனை அவனுக்கு. என் மனைவி இருந்த காலத்திலிருந்தே இப்படித்தான். குனிந்து பிடித்ததும் நான் "சாமீ" என்று இழுப்பேன். அந்த இழுப்பு முடிகிற இடத்தில் இரண்டு முனையும் ஒன்றாக எழும்.

எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றது தலை நரைத்த பிறகு. போன மாதம் வேலை நடந்த வீட்டில் வேண்டாமென்று கட்டிப் போட்ட புத்தகங்களில் ஒன்றை எடுத்து வந்தேன். யாரோ தத்துவம் எழுதுகிறவருடையது. ஒரு பக்கம் தாண்டவே நாளாகும். கடவுள் நம்பிக்கையை யாரும் வாதாடித் தோற்கடிப்பதில்லை என்கிறார். மழைக்கு வானிலை சொல்கிறவரை, காய்ச்சலுக்கு டாக்டரை என்று நாமே வேறு ஆள் பார்த்துக்கொண்டு போகிறோமாம். கடைசியில் கடவுள் பெயர் வாயில் மட்டும் மிச்சம் இருக்குமாம். படித்ததும் எனக்கு என் வாயை நினைத்தே கூச்சமாகிவிட்டது.

அதனால் இன்று காலை, "இனிமே எண்ணித் தூக்கலாம் மாப்ள. மூணுக்கு" என்றேன்.

"என்ன மாமா, பள்ளிக்கூடமா நடத்தறீங்க?" என்றபடி குனிந்தான்.

அவன் மூன்று என்ற சத்தத்தோடு தூக்கினான். நான் மூன்று முடிந்த பிறகு. அவன் முனை மட்டும் எழுந்து, கை நழுவி, கால்விரலை ஒட்டி விழுந்தது. பலகையின் மூலை பெயர்ந்துவிட்டது.

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். "என் கால் போயிருந்தா உங்க புத்தகக்காரர் வந்து ஒட்டவைப்பாரா? நான் வேற ஆளோட சேர்ந்துக்கறேன். நீங்க எண்ணிக்கிட்டே இருங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த வயதில் எனக்கு மறுமுனை பிடிக்க வேறு யார் வரப்போகிறார்கள்?

"நம்பிக்கை போனப்புறம் பொய்யா எப்படிடா கூப்பிடறது? உனக்கு இருக்கு, நீ கூப்பிடு."

"எனக்கு இருக்குன்னு யார் சொன்னா?" துண்டால் கழுத்தைத் துடைத்தான். "அக்கா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நான் கூப்பிடாத சாமியா? அன்னிக்கே முடிஞ்சுது. நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

எனக்குப் புத்தகத்தால் போனது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரி என்றதும் அது அங்கேயே தொலைந்தது தெரிந்தது.

"அப்புறம் எதுக்குடா தினம் நான் கத்தறதுக்குக் காத்துக்கிட்டிருந்த?"

"உங்க மூச்சு எங்க முடியுதுன்னு அதுலதான் தெரியும். சாமியா வந்து படியேறுது?"

கல் எங்கே என்று மேலேயிருந்து கொத்தனார் சத்தம் போட்டார். மூலை பெயர்ந்ததற்கு இனிமேல்தான் திட்டு இருக்கிறது. மைத்துனன் எழுந்து போய் அடுத்த பலகையின் முனையில் குனிந்தான். நானும் குனிந்தேன். வாய் வரவில்லை. அவன் நிமிரவில்லை, முதுகை வளைத்தபடியே காத்திருந்தான். அந்த முதுகை அப்படி நிறுத்தி வைப்பது நியாயமில்லை.

"சாமீ" என்றேன். இழுப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. பலகை எழுந்தது.

முதல் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றோம்.

"அடுத்ததுக்கு இன்னும் கொஞ்சம் இழுத்துக் கூப்பிடுங்க மாமா" என்றான். "முழங்காலுக்கு நேரம் வேணும்."