எழுபதுக்கு மேல் ஒரு நடுக்கம்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைக் காதம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் பாதிப் பேருக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து சொன்னவள் அவள். கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க, சந்தேகமா இருந்தாலும் அமுக்குங்க" என்று சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்திருந்தது. அப்படிப்பட்டவள், தனக்கு நன்றாகத் தெரிகிற ஒன்றை இன்னொருவரை நம்பவைக்க முடியாமல் மாதக்கணக்கில் திண்டாடினாள்.

விஷயம் கார். அப்பா வாங்கியது. எஞ்சின் முன்னால் இருக்க, நீளமான ஒரு ஷாஃப்ட் வண்டிக்கு அடியில் ஓடிப் பின்சக்கரங்களைச் சுழற்றும் பழைய மாடல். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். தங்கை, புருஷன் பிள்ளைகளோடு வெளிநாட்டில் குடியேறிவிட்டாள். வீட்டில் மிஞ்சியது அவளும் காரும்தான். ஊருக்கு வெளியே ஆஸ்பத்திரி ஒரு கிளை திறந்தபோது அங்கே போக யாரும் முன்வரவில்லை. அவள்தான் வாய்விட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டாள். போகவர நேரம் பிடிக்கும், வீட்டுக்குள் இருக்கிற பொழுது அந்த அளவுக்குக் குறையும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

கிளைக்குப் போகிற நெடுஞ்சாலையில்தான் முதன்முதலாக வந்தது. வேகம் காட்டும் முள் எழுபதைத் தாண்டியதும் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம். மடியில் படுத்த பூனை குறுகுறுப்பது போல ஆரம்பித்து, இன்னும் கொஞ்சம் மிதித்தால் முதுகெலும்பில் ஏறிப் பல்லில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அறுபதுக்கு இறங்கினால் இருந்த இடம் தெரியாது. கிளட்சை மிதித்துப் பார்த்தாள், நிற்கவில்லை. கியரை நியூட்ரலில் தள்ளி வண்டியைச் சும்மா ஓடவிட்டாள், அப்போதும் நிற்கவில்லை. எஞ்சின் மேல் தப்பில்லை என்ற அளவுக்கு அவளுக்கே புரிந்தது.

மெக்கானிக் அப்பா காலத்துப் பழக்கம். ஆள் இரண்டு ஆள் கனம், கை மட்டும் பூப்போல. வீல் பேலன்ஸ் பார்த்தார், டயரை மாற்றிப் போட்டார், ஷாஃப்ட்டின் இரு முனையிலும் இருக்கிற கிராஸை, அந்தச் சிலுவை மாதிரி இணைப்பை, கழற்றிப் புதிது போட்டார். ஒவ்வொரு தடவையும் சோதித்துப் பார்க்கக் கூடவே வந்தார். அவளை ஓட்டச் சொல்லிவிட்டு, தானும் பக்கத்துக் கடை வெல்டரும் பின்சீட்டில் உட்கார்ந்து, தலையைத் தரையோடு தரையாகச் சாய்த்துக் காது கொடுப்பார்கள். எழுபது, எண்பது, தொண்ணூறு. வண்டி வெண்ணெயாகப் போகும்.

"எங்க மேடம்? ஒண்ணுமே இல்லையே."

"காலையில கூட வந்துச்சே."

"நாங்க ஏறினா பயந்துக்குது போல" என்று வெல்டர் சிரித்தார்.

அவளும் சிரித்துவைத்தாள். அவர்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது, ஊர் எல்லை தாண்டியதும் சொல்லிவைத்தாற்போல அது வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை போனில் வந்தாள்.

"இன்னும் அந்தக் காரைத்தான் கட்டிக்கிட்டு அழறியாக்கா? வித்துத் தொலையேன்."

"வண்டி நல்லாத்தான்டி இருக்கு. அந்த நடுக்கம் ஒண்ணுதான்."

"மெக்கானிக் இருந்தா வரல, நீ தனியாப் போனா மட்டும் வருது. நீயே யோசிச்சுப் பாரு. ஒத்தையா இருக்கிற மனசு எதையாவது பிடிச்சுத் தொங்கும்க்கா. யார்கிட்டயாவது பேசிப் பாரேன்."

"சரி, பசங்க எப்படி இருக்காங்க?" என்று காதம்மா பேச்சை மாற்றினாள். போனை வைத்தபிறகு 'ஒத்தையா' என்ற வார்த்தை முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. தங்கை சொன்னதில் நியாயம் இருக்குமோ என்ற பயம்தான் அதைவிட அதிகம். காதுக்குள் பேச்சுக்குரல் கேட்கிறது என்று வந்து உட்கார்ந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்களும் நிச்சயமாகத்தான் சொன்னார்கள்.

ஒரு மழைநாளில் பஸ் வரவில்லை என்று கிளையின் நர்ஸ், அந்த நர்ஸைப் பார்க்க வந்திருந்த அவள் அம்மா, அத்தை மூவரும் நனைந்துகொண்டு நின்றார்கள். காதம்மா ஏற்றிக்கொண்டாள். மூவரும் பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஏதோ கல்யாணத்தில் யாரோ யாரையோ மதிக்காததைப் பற்றி ஓயாமல் பேசினார்கள். எழுபது வந்தது. எண்பது வந்தது. நடுக்கம் வரவில்லை. மனிதர்கள் ஏறினால் நிற்கிறது என்றால் கோளாறு தன்னிடம்தானா?

அன்று முழுக்க அதையே மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய தொழில் புத்தி கைகொடுத்தது. ஒருவருக்கு நிஜமாகக் கேட்கிறதா, முகத்தைப் பார்த்துப் பட்டனை அமுக்குகிறாரா என்று சந்தேகம் வந்தால், அவள் தன் முகம் தெரியாதபடி திரும்பி உட்கார்ந்துகொண்டு சத்தத்தை அனுப்புவாள். இங்கேயும் மனிதர்களை விலக்கிவிட்டுப் பார்த்தால் என்ன?

வீடு கட்டுகிற இடம் ஒன்றில் சொல்லி, மணல் மூட்டைகளைப் பின்சீட்டில் ஏற்றினாள். "எங்கம்மா கொண்டுபோறீங்க இதை?" என்று கொத்தனார் கேட்டார். "சும்மா ஒரு சுத்து" என்றாள்.

நெடுஞ்சாலையில் மிதித்தாள். எழுபத்தைந்து, எண்பத்தைந்து. ஒன்றுமில்லை. மூட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே சாலையில் அதே வேகத்தில் போனாள். எழுபதைத் தாண்டியதும் சீட்டு நடுங்கியது. வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு நடுவில் எங்கேயோ அழுகையாகிவிட்டது. மணல் மூட்டையோடு யாரும் பேச்சுத்துணைக்குப் போவதில்லை. காருக்கு வேண்டியிருந்தது கனம்.

மறுநாள் மெக்கானிக்கிடம் சொன்னபோது தலையைச் சொறிந்தார்.

"மேடம், இந்தத் தடவை நீங்க வராதீங்க. வெல்டரும் வேணாம். நான் மட்டும் முன்சீட்டுல உக்காந்து ஓட்டிட்டு வர்றேன்."

அவள் பட்டறை வாசலில் நின்றாள். காரின் பின்புறம் கொஞ்சம் தூக்கலாக நிற்பது, தூரத்தில் போகும்போதுதான் முதன்முறையாகக் கண்ணில் பட்டது. பரீட்சை முடிவுக்கு நிற்பவள் போல துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். கார் திரும்பி வந்து நின்றது. மெக்கானிக் இறங்குவதற்கு முன்பே சன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"வருது மேடம்! உதறு உதறுன்னு உதறுது!"

அந்த நிமிஷம் அவளுக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

வண்டியைத் தூக்கிவைத்து, ஷாஃப்ட்டின் சாய்வைக் கோணமானி வைத்து அளந்தார். பிறகு பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்குகளைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல ஒரு பட்டை கூடுதலா இருக்கு. கம்பெனியில வந்ததில்ல. யாரு போட்டது?"

யார் போட்டது என்று அவளுக்குத் தெரியும். முன்னால் அப்பாவும் அவளும், பின்னால் அம்மா, தங்கை, தங்கை புருஷன், மடியில் குழந்தைகள், டிக்கி நிறைய சாமான். வேகத்தடை வந்தால் அடிப்பக்கம் இடித்தது. வேறொரு ஊரில் வண்டியை விட்டு அப்பா ஏதோ செய்துகொண்டு வந்தார். "இனிமே எத்தனை பேர் வேணா ஏறுங்க" என்று அன்று அவர் சொன்னதற்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஆளுங்க நிறைய இருந்தப்போ சரியாத்தான் இருந்திருக்கும்" என்றார் மெக்கானிக். "இப்போ கனம் இல்லாம பின்பக்கம் மேல நிக்குது. ஷாஃப்ட்டு அளவுக்கு மேல சாயுது, கிராஸ் கோணலா சுத்துது. அதான் உதறல். அந்தப் பட்டையை எடுத்துடலாமா?"

தங்கை குடும்பத்தோடு வந்தால் என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்தாலும் விமான நிலையத்திலேயே பெரிய வண்டி அமர்த்திக்கொள்வார்கள். போன முறை அப்படித்தான் செய்தார்கள்.

"எடுத்துடுங்க" என்றாள்.

வேலை முடிய மதியம் ஆனது. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மெக்கானிக் எதிரில் ஒரு டயர்மேல் உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வந்து, விழுங்கி, கடைசியில் கேட்டேவிட்டார்.

"மேடம், எனக்குக் காதுல ஒரு விசில் சத்தம். பட்டறையில தெரியாது. வீட்டுக்குப் போய் எல்லாம் அடங்கினா வருது. வீட்டுக்காரி கிண்டல் பண்றா."

"செவ்வாய்க்கிழமை வாங்க."

"யாருக்கும் கேட்காத சத்தத்தை நீங்க எப்படிக் கேப்பீங்க?"

"எனக்குக் கேட்காது. ஆனா இருக்குன்னு தெரியும். அப்புறம் எவ்வளவு சத்தம்னு மிஷின் சத்தத்தோட ஒப்பிட்டுப் பார்க்கலாம்."

"வர்றேன் மேடம்" என்றார்.

அவள் நேராக நெடுஞ்சாலைக்குப் போனாள். எழுபது, எண்பது, தொண்ணூறு. ஒன்றுமில்லை. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். நிம்மதிதான் வந்தது, அதுவும் மெதுவாக. இத்தனை மாதமாக உடம்பெல்லாம் அந்த ஒன்றுக்காகவே விழித்திருந்தது. இப்போது கதவு ரப்பரின் இடுக்கில் காற்று சீறுவதும், தன் மூச்சும் கேட்டன. "நின்னுடுச்சு" என்று சத்தமாகச் சொன்னாள். தங்கையைக் கூப்பிடலாமா என்று போனை எடுத்தாள். அங்கே பொழுது விடிந்திருக்காது. போனைப் பக்கத்துச் சீட்டில் வைத்துவிட்டு, திரும்ப வேண்டிய வளைவு வந்தும் திரும்பாமல், இன்னும் கொஞ்ச தூரம் நேராகவே ஓட்டினாள்.