அழகனின் நரம்புகள்

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் அழகனைக் குடிகாரன் என்றார்கள். உண்மையில், பரம்பரை நரம்பு நோயால்தான் அவன் நடை தள்ளாடியது, கையும் நடுங்கியது. தங்கை பூரணி வெளிநாட்டில் அந்த நோயைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்தாள். ஆய்வுக்காக அவன் கையிலிருந்து கொஞ்சம் தோலும் எடுத்துப் போயிருந்தாள். 2009இல் விடுமுறைக்கு வந்தவள் ஒரு படத்தைக் காட்டினாள்.

“அண்ணே, ஒங்க தோல ஸ்டெம் செல்லா மாத்தி, அதுல வளத்த நரம்புங்க இது.”

“அதுங்களாச்சும் நல்லா இருக்கா?”

“இல்லண்ணே. ஒங்க நோய் இதுங்களுக்கும் இருக்கு. இனிமே எந்த மருந்தையும் மொதல்ல இதுங்களுக்குத்தான் குடுத்துப் பாப்போம்.”

அழகன் வாய்விட்டுச் சிரித்தான். “அப்ப கசப்பெல்லாம் அதுங்களுக்கு. எனக்கு ஒரு பிளேன்டீ ஊத்து.”

அவன் மனம் உடைந்துவிடுமோ என்று பயந்திருந்த பூரணிக்கும் சிரிப்பு வந்தது. சிந்தாமல் குடிக்கட்டும் என்று கோப்பையில் பாதி மட்டும் ஊற்றினாள்.