மனசுல ஒரு ஆள்

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் பேச்சைக் கேட்டால், இந்த ஊரில் யாரும் மூச்சு வாங்கப் படியேறாமல் இருப்பதே அவர் தயவால்தான் என்று தோன்றும். குடியிருப்பில் அவருக்கு ‘அளப்பு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தது.

ஆங்கிலம் கற்றுத்தரும் ஒரு செயலிக்குக் குரல் கொடுப்பது என் வேலை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஆங்கிலச் சொல்லைச் சொல்லி, தமிழில் பொருளையும் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவாளன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். “சும்மா படிச்சா குரல் சப்புன்னு இருக்குக்கா. யாராவது ஒரு ஆளை மனசுல வச்சுக்கிட்டுச் சொல்லுங்க.”

அப்போது வந்த பாடம், தற்பெருமைக்காரர்களைக் குறிக்கும் சொற்கள். அதற்கு ஆள் தேடி நான் வெளியே போகவா வேண்டும்?

“போஸ்ட்ஃபுல். ஜம்பம் அடிப்பவர்” என்றேன். அவன் ஹெட்போனைக் காதிலிருந்து விலக்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

“கடைசியில யாரோ மூச்சை இழுத்த மாதிரி கேக்குது. நீங்களா?”

நான் இல்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

அன்று சாயங்காலம் என் கணவர் வந்து, சத்தமில்லாமல் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்தார். “என்ன, இன்னிக்கு எந்தக் கோட்டையைப் பிடிச்சீங்க?” என்று சீண்டினேன்.

“ஒரு மோட்டார் மாத்துனோம். கூட வந்தவர்தான் எல்லாம் பண்ணார்.”

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறுநாள் திமிர் பிடித்தவருக்கு ‘அரகன்ட்’, பிறரைத் தாழ்வாகப் பார்ப்பவருக்கு ‘ஹாட்டி’ என இரண்டையும் அவரை நினைத்தே உற்சாகமாகச் சொன்னேன். வீடு திரும்பும்போது அவர் மாடிப்படியில் சுவரோடு ஒட்டி நின்று எதிர்வீட்டுக்காரருக்கு வழி விட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர் போய்க் கதவைச் சாத்திய பிறகும் அப்படியே நின்றார். நான்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன்.

தன்னைத்தானே மெச்சிக்கொள்பவரைச் சொல்லும் ‘ஸ்மக்’ பதிவான அன்று, அளக்கும்போது அவர் உதட்டில் வரும் அரைச் சிரிப்பு போய்விட்டது. தன் அழகில் மயங்குபவரைச் சொல்லும் ‘வெய்ன்’ பதிவானதற்கு மறுநாள் காலை, வெறும் சுவரைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, கண்ணாடி இந்தப் பக்கம் இருக்கு.”

“அதுல பாக்க என்ன இருக்கு?”

அவரைத் திருப்பி நிறுத்தினேன். கண்ணாடியில் என் முகம் பளிச்சென்று இருந்தது. அவர் சட்டையும் பொத்தான் வரை தெளிவாகத் தெரிந்தது. கழுத்துக்கு மேலே மட்டும் ஆவி படிந்தாற்போல் மங்கல். துணியால் துடைத்தேன், போகவில்லை. நான் அவரை நினைத்துச் சொன்ன சொற்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவரை உட்கார வைத்துக் கெஞ்சினேன்.

“ஏதாச்சும் அளந்து விடுங்களேன். நான் கேக்குறேன்.”

மூச்சை இழுத்தார். பிறகு மெல்ல நெஞ்சு நிமிர்ந்தது. “என் பொண்டாட்டி குரலைக் கேட்டுத்தான் ஊரே இங்கிலீஷ் படிக்குது, தெரியும்ல?”

அழுதுவிட்டேன். அவரிடம் மிச்சம் இருந்த பெருமை அது ஒன்றுதான். அது நான்தான்.

பாடத்திலும் ஒரு சொல் மிச்சம் இருந்தது. நேராக வேலைக்குப் போய், ‘ப்ரவுட்’டைச் சொல்லமாட்டேன், மற்றதையெல்லாம் அழித்துவிடு என்று ஒலிப்பதிவாளனிடம் சண்டை போட்டேன்.

“அதெல்லாம் செயலியில வெளியாயிடுச்சுக்கா. ஊர்ப்பட்ட பேர் கூடவே சொல்லிப் பழகுறாங்க. கடைசி வார்த்தைக்கும் நீங்க வேணாம். உங்க குரலை மெஷின் கத்துக்கிச்சு. அதுவே சொல்லிடுச்சு, கேளுங்க.”

போட்டுக் காட்டினான். என் குரலேதான். “ப்ரவுட். பெருமை கொள்பவர்.” அதன் பின்னால் அந்த மூச்சு. இந்தத் தடவை எனக்கு ஆள் தெரிந்தது. எதையாவது அளக்கத் தொடங்கும் முன் அவர் அப்படித்தான் மூச்சை இழுப்பார்.

“மெஷினுக்கு ஏதுடா மனசு? அது யாரை நினைச்சுச் சொல்லுச்சு?” என்று கத்தினேன். நான் பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

குடியிருப்பு வாசலில் அவர் நின்றிருந்தார். எதிர்வீட்டுக்காரர் தன் கைப்பேசியை அவர் காதருகே பிடித்திருந்தார்.

“உங்க வீட்டம்மா குரல்தானே இது? பெருமையா இருக்குமே உங்களுக்கு! இதோ, அவங்களே வந்துட்டாங்க.”

என் கணவர் என்னைப் பார்த்தார். மரியாதையாக ஒதுங்கி எனக்கு வழி விட்டார்.

“இவங்களா?” என்றார் எதிர்வீட்டுக்காரரிடம். “இதுல நான் பெருமைப்பட என்னங்க இருக்கு?”