யாரும் தொடாத நாட்கள்

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்திலா முப்பத்தாறிலா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. யதிராஜன் வாய் திறந்து சொன்னது கொஞ்சம். அவருடைய மைத்துனர் மனைவி குமுதவல்லி சொன்னது அதிகம். இரண்டுக்கும் நடுவே விட்டுப்போன இடங்களை நானே நிரப்பிக்கொண்டிருக்கக்கூடும். எது கேட்டது, எது நிரப்பியது என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை.

யதிராஜன் திருச்சியில் ஒரு ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். வீடு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியில். எதைக் கேட்டாலும் யோசித்துத்தான் பதில் சொல்லுவார். "சார் கிட்ட மணி கேட்டா, பதில் வர்றதுக்குள்ள மணி மாறிடும்" என்று பையன்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கும் அது தெரியும். வீட்டில் அவரும் மனைவி கோதைநாயகியும் மட்டுந்தான். பேச்சையெல்லாம் அவளே பேசிவிடுவாள்.

அந்த ஆடியில் காவிரியில் புதுவெள்ளம் வந்திருந்தது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் கோதை கால் வழுக்கினாள். யதிராஜன் எட்டி அவள் மேல்கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் பார்த்தால், பிடித்த இடத்தில் நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் நாவற்பழம் போலக் கறுத்துக் கிடந்தன.

"உங்க கைக்கு இவ்வளவு பலம் இருக்குன்னு எனக்குத் தெரியாதே!" என்று கோதை சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. அவள் முழங்காலிலும் இடுப்பிலும் அதற்கு முன்பே சில கறுப்புகளைப் பார்த்திருக்கிறார். அம்மியில் இடித்துக்கொண்டேன், குடம் பட்டுவிட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பாள். மாதாமாதம் அவள் விலகி உட்காரும் நாட்கள் நீண்டுகொண்டே போவதும் அவருக்குத் தெரியும். அந்த நாட்களில் தளிகை செய்து, சாதத்தை அவளுக்கு எட்ட வைப்பது அவர்தான். ஆனால் ஏன் இன்னும் முடியவில்லை என்று ஒரு புருஷன் கேட்கிற வழக்கம் அந்த வீதியில் இல்லை. அவரும் கேட்கவில்லை.

அதே வாரம் கோதையின் அண்ணா வேதாந்தம் சித்திரை வீதியிலிருந்து வந்தார். வக்கீல். அவருக்கு மோர் கொடுக்கக் கை நீட்டியபோது புடவைத் தலைப்பு விலகியது.

"இது என்னடி?"

"ஒண்ணுமில்லைண்ணா. படியிலே வழுக்கிட்டேன்."

"படிக்கு விரல் இருக்கா?"

கோதை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேதாந்தம் அவளை விட்டுவிட்டு யதிராஜன் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, இது உம்ம கையா?"

"ஆமாம். என் கைதான்."

அதற்குமேல் சொல்லவேண்டியது இருந்தது. ஆனால் தன் கைதான் என்பது உண்மை. விழாமல் பிடித்தேன் என்று உடனே சேர்த்துச் சொன்னால் அது சாக்குப் போலத் தொனிக்குமே என்று தோன்றிற்று. பிடிக்க வேண்டிய அளவுக்குத்தான் பிடித்தோமா, கூடுதலாக நெரித்துவிட்டோமா என்ற சந்தேகமும் இருந்தது. அவர் இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் வேதாந்தம் கூப்பிட்ட ஜட்கா வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது.

"அவர் என்னை ஒருநாளும் அடிச்சதில்லைண்ணா" என்று கோதை அழுதாள்.

"அடிபடற பொம்மனாட்டி எல்லாரும் இதைத்தாண்டி சொல்லுவா. ஏறு வண்டியிலே."

அதன் பிறகு யதிராஜன் பெருமாள் சேவிக்கப் போகும்போது எதிர்ப்பட்டால், வேதாந்தம் தீர்த்தம் வாங்கிய கையோடு முகத்தைத் திருப்பிக்கொள்வார். யதிராஜன் வீட்டில் ஒரு ஆளுக்குத் தளிகை. சாப்பிட்டுவிட்டுத் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் தன் முன்கையைத் தானே பலங்கொண்டமட்டும் அழுத்திப் பிடித்துப் பார்த்தார். காலையில் ஒரு தடயமும் இல்லை. அப்படியானால் அவளை இதைவிட அழுத்தியிருக்கிறேன் என்றுதான் அவருக்குப் பட்டது. வேறு விதமாக நினைக்கத் தோன்றவில்லை.

சித்திரை வீதி வீட்டில் ஆவணி பிறந்ததும் கோதை விலகி உட்கார்ந்தாள். கொல்லை முற்றத்தை ஒட்டிய சின்ன அறை. சாதமும் தண்ணீரும் வேதாந்தத்தின் மனைவி குமுதவல்லி வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். நாலாம் நாள் ஸ்நானம் செய்து உள்ளே வரவேண்டியவள், அடுத்த வாரமும் வரவில்லை. ஒருநாள் காலையில் வெயில் நேராக அறைக்குள் விழுந்தபோது குமுதவல்லி பார்த்தாள். கோதையின் கழுத்தோரம் புதிதாக ஒரு நீலம். இன்னொரு கையில் இரண்டு. பாதத்தில் கேழ்வரகு தூவினாற்போலச் சிவப்புப் புள்ளிகள்.

குமுதவல்லி நேரே வேதாந்தத்திடம் போனாள். "கோதைக்குக் கழுத்திலே கறுத்திருக்கு. கையிலே கறுத்திருக்கு. எல்லாம் புதுசு."

"அவன் வந்தானா?"

"கொல்லைச் சுவர் ஏறிக் குதிச்சா வந்தார்? உங்களுக்கு வேற யோசனையே வராதா? இத்தனை நாளா அவளை நான் தொடலை, நீங்க தொடலை, நம்மாத்துப் பசு கூடத் தொடலை. யார் கை இது? சொல்லுங்கோ, வக்கீல்தானே நீங்க?"

குமுதவல்லி திரும்பிப் போய் அந்த அறைக்குள் நுழைந்து, கோதையைத் தோளோடு அணைத்துத் தூக்கினாள். "மன்னி, தொடாதேங்கோ" என்றாள் கோதை. "ஸ்நானம் பண்ணிக்கத் தண்ணி இருக்கு. எழுந்திரு" என்றாள் குமுதவல்லி. படுத்திருந்த பாய் ரத்தத்தில் நனைந்திருந்தது.

வேதாந்தம் தாமே அடையவளஞ்சான் வீதிக்குப் போனார். யதிராஜன் கதவைத் திறந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை வேதாந்தத்தின் வாயில் வருகிற ஜாதியில்லை. "ஜட்கா நிக்கறது. வாரும்" என்றார். யதிராஜன் மேல்துண்டைக்கூட எடுக்காமல் ஏறினார்.

கோதையைத் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே டாக்டர் அமலராணி என்ற லேடி டாக்டர் இருந்தார். கோதையின் காது மடலில் ஊசியால் லேசாகக் குத்தி, மையொற்றும் தாளை வைத்து வைத்து எடுத்தார். சாதாரணமாக ஒவ்வொரு ஒற்றலுக்கும் சிவப்பு வட்டம் சிறுத்துக்கொண்டே வந்து மறைந்துவிடுமாம். இங்கே தாள் நிறைந்தும் வட்டம் சிறுக்கவில்லை.

"பல் விளக்கும்போது ரத்தம் வருமாம்மா?"

"வரும். கல்யாணத்துக்கு முன்னாலேருந்தே வரும். எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சேன்."

டாக்டர் வேதாந்தத்தையும் யதிராஜனையும் பார்த்துச் சொன்னார்: "ரத்தத்தை உறைய வைக்கிற சின்னச் சின்ன அணுக்கள் உண்டுங்க. இவங்களுக்கு அது ரொம்பக் குறைச்சல். லேசாப் பிடிச்சாலும் உள்ளே கசியும். பிடிக்காமலும் கசியும். இது இன்னிக்கு வந்த சீக்கு இல்லை. ரொம்ப நாளா கூடவே இருக்கு."

யதிராஜன் தன் உள்ளங்கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அந்த அணுக்களை மண்ணீரல்தான் அழிக்குதுன்னு சொல்றாங்க. மெட்ராஸ்ல ஆபரேஷன் பண்ணி அதை எடுத்துடறாங்க. சில பேருக்கு நல்லா ஆயிடுது. சில பேருக்குத் திரும்ப வருது. மேஜையிலேயே போனவங்களும் உண்டு, மறைக்கக் கூடாது. எடுக்கலைன்னா ஜாக்கிரதையா இருந்துக்கிட்டு, வர்றபோது பார்த்துக்கணும். யார் முடிவு சொல்றீங்க?"

வேதாந்தம் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். "அவரைக் கேளுங்கோ. அவர்தான் ஆத்துக்காரர்."

டாக்டர் காத்திருந்தார். கட்டிலிலிருந்து கோதை சொன்னாள்: "அவர் பதில் சொல்றதுக்குள்ளே எனக்கு மிச்சம் இருக்கற ரத்தமும் போயிடும், டாக்டர்."

யதிராஜன் அவள் பக்கம் வந்தார். "எடுத்தாலும் நான் கூட இருப்பேன். எடுக்காட்டாலும் இருப்பேன். உடம்பு உன்னுது. நீ சொல்லு."

"மண்ணீரல்னு ஒண்ணு எனக்குள்ளே இருக்குன்னே இன்னிக்குத்தான் தெரியும். போனாப் போகட்டும்" என்றாள் கோதை.

மெட்ராஸில் முதலில் அவளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. யதிராஜன் கையை நீட்டினார்; அவருடையது சேரவில்லை. வேதாந்தத்தினுடையது சேர்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். எழுந்ததும், "ரத்தம் குறைஞ்சாச்சு, இனிமே எனக்குக் கோபமும் குறையும்" என்றார். அவர் சொன்னதில் மன்னிப்புக்குக் கிட்டத்தில் வந்தது அதுதான்.

மண்ணீரலை எடுத்தார்கள். கோதை பிழைத்தாள். தையில் ஊர் திரும்பினார்கள். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் யதிராஜன் முதலில் இறங்கி, பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். படி உயரம்.

"ஏன்னா, நிக்கறேளே? வண்டி கிளம்பினா நான் திருச்சிக்குப் போயிடுவேன்."

"எங்கே பிடிக்கறது?"

"எங்கே வேணும்னாலும். கறுத்தாக் கறுத்துட்டுப் போறது."

அவர் பிடித்து இறக்கினார். மறுநாள் காலையில் லேசாக ஒரு நீலம் இருந்தது. இரண்டு பேருமாக உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். நாலைந்து நாளில் மஞ்சளாகி மறைந்தது.

நோய் முழுக்கப் போகவில்லை. இரண்டு வருஷம் கழித்துத் திரும்ப வந்தது, முன்னைப்போல அவ்வளவு கடுமையாக இல்லை. கோதைநாயகி அதோடு வாழ்ந்தாள். பிள்ளைப்பேறு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் குழந்தைகள் இல்லை. நாற்பத்தேழாம் வருஷம் சித்திரையில் தலைவலி என்று படுத்தாள். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாள். வேதாந்தம் அதற்கு முன்பே மாரடைப்பில் இறந்துபோயிருந்தார். குமுதவல்லி கும்பகோணத்தில் மகளோடு இருக்கிறாள். டாக்டர் அமலராணி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். பிறகு தகவல் இல்லை. யதிராஜன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அதே வீட்டில் தனியாகத் தளிகை செய்துகொண்டு இருக்கிறார்.