கடைசிக் கம்பத்துக்கு அப்பால்

1

“தலைமாட்டுல ஜன்னல் வேணும்.”

“தலைமாட்டுலதான் பேட்டரி வருது.”

“அதைக் கால்மாட்டுக்குத் தள்ளுங்க.”

“தள்ளிட்டா மாப்பிள்ளையை எங்க உட்கார வைக்கிறது? அவர் ஒயர் அவ்வளவு தூரம் எட்டாது.”

“அவருக்கு எதுக்கு ஜன்னல் ஓரம்? படுத்திருக்கப் போறது நான்.”

“பலகையில பாதியை அறுத்துட்டா கூடு ஆடும்டி.”

“ஆடட்டும். இத்தனை வருஷம் ஆடாத வீட்டுல படுத்து என்னத்தைக் கண்டேன்?”

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று கேட்டால், இந்தச் சண்டையில்தான். முற்றத்தில் நிற்கும் பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்குள், கையில் அளவு டேப்போடு அப்பா. கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா. சமையலறை ஜன்னல் கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நான். அவர்கள் வாயிலிருந்து விழுந்ததை அப்படியே எடுத்துக்கொண்டேன். இதற்கு மேல் வருவதில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் என் பாடு. கடைசி வரைக்கும் அது தீரவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளை ஆள் இல்லை. அம்மாவின் ஆக்சிஜன் மெஷின். சூட்கேஸ் அளவில் ஒரு பெட்டி. அறைக் காற்றை உள்ளே இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக அவள் மூக்குக்குத் தருகிறது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கூடத்தின் நடுவில் உட்கார்ந்து ஓயாமல் உறுமுகிறது. வேளை தவறாமல் கரண்ட் கேட்கிறது. எல்லாரும் அதைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். “உனக்கு மாப்பிள்ளை பார்க்கிறதுக்கு முன்னாடியே ஒருத்தர் வந்து உட்கார்ந்துட்டாரு பாரு” என்று அம்மாதான் அந்தப் பெயரை வைத்தாள்.

2

முதலில் வேறு மாதிரி தொடங்கியிருந்தேன்.

*பனி பெய்யும் ஒரு காலையில், நெடுஞ்சாலையின் ஓரத்தில், பெயரற்ற ஒரு மனிதன் தன் வண்டியை—*

இது என் வாசிப்பின் கோளாறு. நான் படிப்பதெல்லாம் எங்கெங்கிருந்தோ தமிழுக்கு வந்த நாவல்கள். அவற்றில் வண்டியெடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் பாலைவனத்தைக் கடக்கிறார்கள், அந்நியர்களோடு மது அருந்துகிறார்கள், தங்களைத் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். ஒருவருக்கும் மூச்சு வாங்குவதில்லை. ஒருவரும் இன்வெர்ட்டர் எத்தனை வாட் என்று கேட்பதில்லை.

நான் எழுதுவதை முதலில் படிக்கிறவர் அப்பா. அவர் படிக்கிற ஒரே எழுத்தாளர் நான்தான். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகத்தான் படிப்பார். பனியைப் படித்ததும் நிறுத்தினார்.

“பாப்பா, இங்க ஏது பனி?”

“கதைப்பா.”

“சரி, கதையிலயே வெச்சுக்குவோம். பனி பெஞ்சா சோலார் தகடு மூடிக்கும். அப்புறம் சார்ஜ் எப்படி ஏறும்?”

“உங்க பொண்ணு ஊதித் தள்ளிடுவா” என்றாள் அம்மா. அவளால் அரை வாக்கியத்துக்கு மேல் ஒரே மூச்சில் பேச முடியாது. ஆனால் கிண்டலை மட்டும் முழுதாகவே சொல்லி முடிப்பாள்.

பனியை எடுத்துவிட்டேன்.

3

அப்பா ரொட்டி வண்டி ஓட்டியவர். இருட்டோடு பேக்கரியில் ரொட்டியை ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் கடை கடையாக இறக்கிக்கொண்டே போய், கடைசியாக ஒரு மின்கம்பத்தடியில் இருக்கும் பெட்டிக்கடையில் மிச்சத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புவார். கரண்ட் கம்பி அந்தக் கம்பத்தோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் புல்வெளி, அதற்கும் அப்பால் ஓர் ஏரி. வேலையில் இருந்த காலமெல்லாம் வண்டியை அங்கேதான் வளைத்துத் திருப்பினார். ஏரிக்கரைக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. அடுத்த நாளும் ரொட்டி இருக்குமே.

அம்மா மெத்தைக் கம்பெனியில் பஞ்சு அடைத்தாள். அந்தப் பஞ்சில் கொஞ்சம் அவளுடைய—

(இந்த வாக்கியத்தை அழகாக முடிக்கப் பார்த்தேன். வேண்டாம். பஞ்சுத் தூசி அவள் நுரையீரலைக் கெடுத்துவிட்டது. அவ்வளவுதான்.)

அப்பா ஓய்வு பெற்றதும் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அந்தக் கம்பத்தைத் தாண்டி என்னைக் கூட்டிட்டுப் போங்க. ஒரு ராத்திரி அங்க படுத்துட்டு வரலாம்.”

டாக்டரும் போகக்கூடாது என்று சொல்லவில்லை. “மெஷின் நிக்காத இடம் எதுவானாலும் போங்க” என்றார். கரண்டே இல்லாத இடத்தில் மெஷின் நிற்காமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை அறுவையும் ஆணியும்.

அப்பா அதே ரொட்டி வண்டியின் தொட்டி மேல் பிளைவுட்டில் ஒரு கூடு கட்டினார்.* தகரத்தால் போர்த்தினார். இடுக்கெல்லாம் சிலிக்கான் பூசினார். ஒரு கட்டில், மடக்கு மேசை, சின்ன பிரிட்ஜ், மின்விசிறி, மஞ்சள் விளக்கு. கட்டிலுக்கு அடியில் இரண்டு பெரிய பேட்டரிகள், கூரையில் சோலார் தகடுகள். ரொட்டி வாசனை மட்டும் போகவில்லை. உள்ளே நுழைந்தால் இன்னமும் பசித்தது.

ஜன்னல் சண்டையில் அம்மாதான் ஜெயித்தாள். தலைமாட்டிலேயே வைத்தார்.

* நான் பன்னிரண்டு எம்.எம். என்று எழுதியிருந்தேன். “பதினெட்டு. பன்னிரண்டுல கட்டினா உங்கம்மா தும்மினாலே கழண்டுக்கும்” என்று அப்பா திருத்தினார். பிறகு அளவையே எடுத்துவிட்டேன். அதில் அவருக்கு வருத்தம்.

4

ஏரிக்கரையில் ஓர் இரவைக் கழிக்க வேண்டுமானால் முதலில் வீட்டில் ஓர் இரவைக் கழித்துப் பார்க்க வேண்டும். ஆனால் இரவில் ஏதாவது ஆகிவிட்டால் ஆளைக் கூப்பிடுவது சிரமம். அதனால் அப்பா பகலிலேயே ஓர் இரவைச் செய்தார்.

வண்டியைச் சமையலறைச் சுவரை ஒட்டி நிழலில் நிறுத்தினார். வெயில் ஒரு சொட்டுகூடப் படாதபடி சோலார் தகடுகளின் மேல் தார்ப்பாயைப் போட்டு, அதன் மேல் பழைய கம்பளிகளையும் விரித்துக் கயிற்றால் கட்டினார். பேட்டரியை வீட்டு கரண்ட்டில் சார்ஜ் ஏற்ற ஓர் ஆரஞ்சு ஒயர் உண்டு. வண்டியிலிருந்து சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்து மேடையின் மேல் இருக்கும் சுவிட்ச் பெட்டியில் முடியும். அதைப் பிடுங்கி மேடையிலேயே போட்டார். “இப்போ ராத்திரி” என்றார்.

அம்மா கூட்டுக்குள் படுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை உறுமினார். வெளியே தெருவில் காய்கறி விற்றுக்கொண்டு போனார்கள். “குட் நைட்” என்று அம்மா காய்கறிக்காரரிடம் சொன்னாள்.

மாலை வரை ஓட வேண்டியது. மத்தியானமே நின்றுவிட்டது.

மெஷின் நிற்கும்போது முதலில் ஒரு நீண்ட கூவல் வரும். அது ஓய்ந்த பிறகு வரும் அமைதி மோசமானது. அப்பா ஒயரை மாட்ட ஓடியதை எழுத முடிகிறது. மாட்டிய பிறகு, அம்மாவின் உதடு பழைய நிறத்துக்கு வந்த பிறகு, வண்டியின் பின்படியில் உட்கார்ந்து அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததை எழுத முடியவில்லை.

5

அதன் பிறகு அவர் கட்டியதை எல்லாம் அவரே இறக்கினார்.

இன்னொரு பேட்டரி வைக்கக் கட்டிலுக்கடியில் இடமில்லை. வைத்தாலும் வண்டியின் ஸ்பிரிங் பட்டை அந்த எடையைத் தாங்காது. இன்ஜினை ஓடவிட்டு சார்ஜ் ஏற்றலாம். அந்தப் புகை அம்மாவுக்கு ஆகாது. கரண்ட் செலவைத்தான் குறைக்க வேண்டும். முதலில் பிரிட்ஜ் போனது. பிறகு மின்விசிறி. பிறகு மஞ்சள் விளக்கு. அந்த விளக்கைத் தேடி அவர் எத்தனை கடை ஏறியிறங்கினார் என்று எனக்குத் தெரியும். மேசையையும் கழற்றினார்.

“மேசை கரண்ட் குடிக்காதேப்பா?”

“பார்த்துட்டே இருந்தா அதுல விளக்கு வெக்கத் தோணும், பாப்பா.”

கடைசியில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல், மாப்பிள்ளை. இவ்வளவுதான் மிச்சம். “இப்போதான் நம்ம கல்யாணம் ஆனப்போ இருந்த வீடு மாதிரி இருக்கு” என்றாள் அம்மா. “அப்பவும் மாப்பிள்ளை உறுமிக்கிட்டேதான் இருந்தாரு.”

நேற்று மறுபடியும் ஒரு பகல்-இரவு. தார்ப்பாய், கம்பளி, கயிறு. இந்த முறை நிற்கவில்லை. மத்தியானம் தாண்டியது. நிழல் நீண்டது. சூரியன் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்குகிற நேரத்தில் அப்பா வண்டியின் தகரத்தைத் தட்டித் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்:

“விடிஞ்சுடுச்சு! எழுந்திரு, விடிஞ்சுடுச்சு!”

அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலையில் கிளம்புவது என்று முடிவானது. கதை இங்கே முடிந்திருக்கலாம். எவ்வளவு நல்ல முடிவு. அப்பா படித்தது இதுவரைக்கும்தான்.

6

(இந்தப் பகுதியை இரண்டு முறை அழித்தேன்.)

நேற்று அந்தச் சோதனைக்கு நடுவில், அவசரத்துக்கு ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை அம்மா பக்கத்தில் வைத்துவிட்டு, பிரிட்ஜை வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வர அப்பா போயிருந்தார். நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, சத்தம் போடாமல் சமையலறைக்குள் நுழைந்தேன். அம்மா தூங்குவாள் என்று நினைத்தேன்.

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே வெளியிலிருந்து ஒரு கை உள்ளே வந்திருந்தது. மேடையைத் தடவியது. ஆரஞ்சு ஒயரின் பிளக்கைக் கண்டுபிடித்தது. சுவிட்ச் பெட்டியின் துளைகளை விரலால் தேடி, சொருகி, சுவிட்சையும் போட்டது. சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது.

தலைமாட்டில் ஜன்னல் வேண்டும் என்று அவள் கேட்டபோது இதை நினைத்திருக்க மாட்டாள். அப்படித்தான் நம்புகிறேன்.

“அம்மா!”

கை நின்றது. போகவில்லை.

“வேலைக்குப் போகலையா நீ?”

“அரை நாள். என்ன பண்றே?”

“தெரியலை? மாப்பிள்ளைக்குச் சோறு போடறேன்.”

“அப்போ இந்தச் சோதனையே பொய்யாயிடுமேம்மா.”

“ஆமாம்.”

“அங்க நின்னுடுச்சுன்னா?”

“சின்ன சிலிண்டர் வருதே.”

“கம்பம் வரைக்கும் திரும்பி வரவே அது பத்தாதுன்னு அப்பா சொன்னாரு.”

“நிக்காமலும் போகலாம்ல?”

“அப்போ ஏன் சொருகறே? தானா ஓடுதான்னு பார்த்துடலாமே!”

அவள் மூச்சை வாங்கிக்கொண்டாள். எங்கள் வீட்டில் எல்லாரும் அந்த இடைவெளியில் காத்திருக்கப் பழகியவர்கள். நானும் காத்திருந்தேன்.

“போன தடவை நின்னப்போ உங்கப்பா மூஞ்சியைப் பார்த்தியா? நான் பார்த்தேன். இன்னொரு தடவை முடியாதுடி.” மறுபடியும் மூச்சு. “அடுத்த தடவை போறப்போ டாக்டர் மெஷின்ல இந்த ஆக்சிஜன் முள்ளைக் கூட்டி வைப்பாரு. என்கிட்ட சொல்லிட்டாரு. கூட்டிட்டா எந்த பேட்டரியும் தாங்காது. உங்கப்பாவுக்கு அது தெரியாது.”

“நான் சொல்லிடுவேன்.”

“சொல்லேன்.” கம்பிக்குள் அந்தக் கை திரும்பி, உள்ளங்கையைக் காட்டியது. நான் பிடித்துக்கொண்டேன். விரல் நுனிகள் சில்லென்றிருந்தன. “ஆனா எழுதிடாதே. நீ பேசினா அவரு நம்ப மாட்டாரு. எழுதினா நம்பிடுவாரு. அந்தக் கதையில இருந்து இந்தக் கையை மட்டும் எடுத்துடு.”

அப்பாவின் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அவளே பிளக்கைப் பிடுங்கினாள்.

7

ஒயர் இல்லாமலே பேட்டரி மாலை வரை ஓடியிருக்குமா? தெரியாது. ஓடியிருக்கலாம். அப்பா அத்தனையும் கழற்றியிருந்தாரே. இந்தக் கதையில் யாருக்கும் தெரியாத ஒன்று அதுதான். எழுதுகிறவளுக்கும் தெரியாது.

ஆகவே சில முடிவுகள்.

முதல் முடிவில் பேட்டரி தாங்குகிறது. அம்மா ஜன்னல் வழியாக ஏரியைப் பார்க்கிறாள். “இதுக்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம், நம்ம தெருமுனைக் குட்டை மாதிரிதான் இருக்கு” என்கிறாள். அப்பா சிரிக்கிறார். எழுத எனக்கு அரை மணி நேரம் போதும். நம்புவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது.

இரண்டாவதில், உறுமல் நின்றதும் அப்பா சிலிண்டரைத் திறந்து, வண்டியை எடுத்து, கம்பத்தை நோக்கி—

(இல்லை.)

மூன்றாவதில் நான் அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன். அவர் கூட்டை இறக்கி முற்றத்து மூலையில் வைக்கிறார். டாக்டர் முள்ளைக் கூட்டுகிறார். அம்மா கூடத்தில் படுத்திருக்கிறாள். எல்லாரும் இருக்கிறார்கள். மழை பெய்தால் கூட்டுக்குள் பூனை படுத்துக்கொள்கிறது. அம்மா என்னோடு பேசுகிறாள், சிரிக்கிறாள், ஆனால் கிண்டல் செய்வதில்லை.

மூன்று முடிவுகளையும் எழுதிப் பார்த்துவிட்டேன். மூன்றிலும் அந்தக் கை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் நீண்டுகொண்டேதான் இருக்கிறது. எடுத்தால் கதை விழுந்துவிடுகிறது. வைத்தால், படிப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

8

இன்று காலை.

இப்போது என் மேசையில் இரண்டு காகிதக் கட்டுகள் இருக்கின்றன. ஒன்று ஐந்தாம் பகுதியோடு முடிகிறது. ‘விடிஞ்சுடுச்சு’ என்று அப்பா கத்துவதுதான் அதன் கடைசி வரி. இன்னொன்று நீங்கள் படித்துக்கொண்டிருப்பது.

முற்றத்தில் வண்டியின் பின்கதவு சாத்தப்படும் சத்தம். அம்மா ஏறிவிட்டாள். புதிதாகத் துவைத்த போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, தலைமாட்டு ஜன்னலில் முகத்தை வைத்திருக்கிறாள். நான் பார்ப்பது அவளுக்குத் தெரிகிறது. எதையும் கேட்கவில்லை, கேட்க வேண்டியதை நேற்றே கேட்டுவிட்டாள். குழாயைச் சரிசெய்வதுபோல மூக்கருகில் கையைக் கொண்டுபோய், அந்தக் கையைப் போர்வைக்குள் மறைத்துக்கொள்கிறாள்.

அப்பா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து வண்டியின் முன்கண்ணாடியைத் துடைக்கிறார். சாவியைப் போடுகிறார். பிறகு எதையோ மறந்தவர்போல இறங்கி, செருப்பை வாசலில் விட்டுவிட்டு என் அறைக்கே வருகிறார். சட்டையில் சிலிக்கான் வாசனை. படிக்கிற கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்துக்காட்டுகிறார், எடுத்துவைத்துக்கொண்டேன் என்பதற்குச் சாட்சியாக. கையை நீட்டுகிறார்.

“பாப்பா, அந்தக் கதையை எழுதின வரைக்கும் குடேன். அங்க விளக்கு இல்லை, இருட்டறதுக்குள்ள அம்மாவுக்குப் படிச்சுக் காட்டிடறேன்.”